280,000 கி.மீ. ஓடிய ஆல்டிஸ்: எஞ்சினை ஓவர்ஹால் செய்வதா, வேறு எஞ்சின் போடுவதா?

கேள்வியின் சுருக்கம்: 2009 ஜூனில் பதிவான கொரோலா ஆல்டிஸ் 1.6. 2019-இல் ஏறக்குறைய 30,000 வெள்ளி கட்டி, சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றான சிஓஇயைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்திருக்கிறீர்கள். இன்னும் 36 மாதம் இருக்கிறது. 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் எஞ்சின் ஆயில் குறைகிறது, காலையில் கிளப்பும்போது நீலப் புகை வருகிறது. சின் மிங்கில் ஒரு பட்டறை முழு ஓவர்ஹாலுக்கு, அதாவது எஞ்சினைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றிக் கட்ட, 4,500 வெள்ளி கேட்கிறது. காக்கி புக்கிட்டில் இன்னொன்று, ஓடிய எஞ்சின் ஒன்றை மாட்டித் தர 2,800 கேட்கிறது.

இரண்டு பேருக்கும் இப்போதைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று இருவருமே பார்க்கவில்லை. பார்க்காமலே ஒருவர் பிரிக்கலாம் என்கிறார், மற்றவர் மாற்றலாம் என்கிறார். அவரவர் பட்டறையில் எந்த வேலை ஓடுகிறதோ அந்த வைத்தியம், அவ்வளவுதான்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். சிங்கப்பூரில் பழைய காரின் எஞ்சினுக்குச் செலவு செய்யும்போது மீதியுள்ள சிஓஇ மாதங்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 4,500-ஐ 36-ஆல் வகுத்தால் மாதம் 125 வெள்ளி. 2,800 என்றால் 78. காரை இன்றே பதிவு நீக்கினால், கட்டிய 30,000-இல் 120-க்கு 36 பங்கு, அதாவது 9,000 வெள்ளி திரும்பும். பதிவு நீக்கும்போது பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் பார்ஃப் தள்ளுபடி, சிஓஇயைப் புதுப்பித்தபோதே போய்விட்டதால் அதற்குமேல் கிடைப்பது வண்டிக் கூட்டின் விலை மட்டும். உங்கள் சிஓஇ மாதத்துக்கு 250 வெள்ளி விழுகிறது. சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவு சிஓஇ 2023-இலேயே 100,000 வெள்ளியைத் தாண்டியது; அந்த விலையில் வாங்கினால் காரின் விலையே சேராமல் மாதம் 830-க்கு மேல். 14 ஆண்டு கடந்த காருக்குச் சாலைவரியில் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு என்றாலும், இந்த வண்டியை ஓட்டி முடிப்பதே லாபம். சிஓஇ ஓராண்டுக்கும் குறைவாக இருந்திருந்தால், ஆயிலை ஊற்றி ஓட்டுங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

இனி சோதனை. மலிவானதிலிருந்து தொடங்குங்கள். இந்த எஞ்சினில் டைமிங் செயின் டென்ஷனரின் ஓ-ரிங் வயதானால் ஆயில் கசியும். வால்வு கவர் கேஸ்கட்டும் அப்படித்தான். கசிந்தது எஞ்சின் பக்கவாட்டில் வழிந்து, அடித்தட்டில் தேங்கி, தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் இருக்கலாம். அடித்தட்டைக் கழற்றிவிட்டு விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் பிசிவி வால்வு. அதைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் அடைத்துக்கொண்டது. மாற்றிவிட்டு 1,000 கிலோமீட்டர் ஓட்டி ஆயில் குச்சியை மறுபடி பாருங்கள். சிறிய பொருள்தான், ஆனால் இதைப் பார்க்காமலே எஞ்சினைப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

புகை எப்போது வருகிறது என்பதும் சாட்சி. இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பியதும் ஒரு கொத்து நீலப் புகை வந்து அடங்கினால், வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல் இறுகிப் போய்விட்டது. சிவப்பு விளக்கில் நெடுநேரம் நின்று கிளம்பும்போது வருவதும் அதே குற்றம். ஓட்டத்தில் அழுத்தி மிதிக்கும்போது புகைத்தால் பிஸ்டன் ரிங். உங்களுக்குக் காலைப் புகை இருப்பதால் சீல் தேய்ந்தது உறுதிதான். ஆனால் 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டரை சீல் மட்டும் குடிப்பது அரிது. ரிங்கும் கூட்டுச் சேர்ந்திருக்கும்.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனையைப் பாதிப்பேர் அரைகுறையாகச் செய்கிறார்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்ற வேண்டும், இன்ஜெக்டர் இணைப்புகளைப் பிடுங்க வேண்டும், த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஒரு பிளக்கை மட்டும் கழற்றி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது. எந்த சிலிண்டரும் 145 பிஎஸ்ஐக்குக் கீழே போகக் கூடாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 15-க்குள் இருக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுக்கட்டும். அளவு ஏறினால் ரிங் அல்லது சுவர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

இன்னும் தெளிவாகத் தெரிய லீக்-டவுன் சோதனை. பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி, கிராங்க் சுழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றி எத்தனை விழுக்காடு கசிகிறது என்று பார்ப்பது. 10-க்குள் என்றால் நல்ல எஞ்சின், 20 வரை வயதுக்கேற்ற தேய்மானம், 30-ஐத் தாண்டினால் கோளாறு. பக்கத்தில் நின்று காது கொடுங்கள்: ஆயில் மூடித் துளையில் ‘உஸ்’ என்றால் ரிங், புகைக்குழாயில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் வாயில் என்றால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

இதெல்லாம் நன்றாக வந்தும் ஆயில் குறையலாம். உங்கள் வண்டியில் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஒவ்வொரு பிஸ்டனிலும் மூன்று ரிங்குகள். மேல் இரண்டும் அழுத்தத்தைப் பிடிப்பவை, மூன்றாவது சுவரிலுள்ள ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது. 2009 ஆல்டிஸில் இருப்பது 3இசட்இசட்-எஃப்இ எஞ்சின். இசட்இசட் குடும்பத்தின் ஆரம்பக்காலப் பிஸ்டன்களில் ஆயில் திரும்பும் துளைகள் போதாமல் இருந்து, டொயோட்டா பிற்பாடு மாற்றியது. மாற்றிய பிறகும், ஆயிலை நாள்கடத்தி மாற்றும் வண்டிகளில் மூன்றாவது ரிங் கரியில் சிக்கிக்கொள்கிறது. பிரித்துப் பார்த்தால் அந்தப் பள்ளம் முழுக்கக் கறுப்புத் தார் இறுகி, ரிங்கை நகத்தால் நெருடினாலும் அசையாது. மேல் ரிங்குகள் நன்றாக இருப்பதால் கம்ப்ரெஷன் 180 காட்டும், வண்டியும் இழுக்கும், ஆயில் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த நிலையென்றால் ஓவர்ஹாலும் வேண்டாம், மாற்றமும் வேண்டாம். மாதம் 1,400 கிலோமீட்டர் ஓடினால் 1.4 லிட்டர், 36 மாதத்துக்கு ஏறத்தாழ 50 லிட்டர், அதாவது 4 லிட்டர் டின் 13. டின்னுக்கு 40 வெள்ளி போட்டாலும் 520 வெள்ளியில் முடிந்தது. வாரம் ஒருமுறை ஆயில் குச்சியைப் பார்க்கும் பழக்கம் மட்டும் கட்டாயம். ஆயில் குறைந்து பேரிங் போனால்தான் உண்மையான செலவு. ஆபத்து வேறு இரண்டு: பிளக்கில் கரி படிவது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடுவது. 10 ஆண்டு கடந்த காருக்கு ஆண்டுதோறும் ஆய்வு இருப்பதால் கன்வெர்ட்டர் கெட்டால் புகைச் சோதனையில் மாட்டுவீர்கள்.

பிளக் துளை வழியாகக் கரி கரைக்கும் திரவம் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடும் முறையும் உண்டு. சிலவற்றில் ரிங் இளகி ஆயில் குறைவது பாதியாகும், சிலவற்றில் பயனே இருக்காது. செய்தால் ஒன்றை மறக்காதீர்கள்: காலையில் பிளக் போடாமலே எஞ்சினைச் சுழற்றித் திரவத்தை வெளியேற்ற வேண்டும். திரவம் உள்ளே நிற்கும்போது கிளப்பினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்ற வேண்டும், திரவம் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கியிருக்கும். காலைப் புகைக்கு 16 வால்வு சீலையும் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். சிலிண்டரில் காற்றழுத்தம் கொடுத்து வால்வு விழாமல் பிடித்துக்கொள்வார்கள்.

ஓவர்ஹால் எப்போது? கம்ப்ரெஷன் குறைந்து, ஆயில் விட்டதும் ஏறினால். ஆனால் இந்த எஞ்சினின் பிளாக் அலுமினியம், உள்ளே மெல்லிய இரும்பு லைனர். பழைய இரும்பு எஞ்சின்போல 0.5 மி.மீ. கடைந்து பெரிய பிஸ்டன் போடும் கதை இங்கே நடக்காது. டொயோட்டா அப்படிப் பிஸ்டன் தருவதும் இல்லை. ஆகவே 79 மி.மீ. துளையை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளந்து, அந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். கீறலோ முட்டை வடிவமோ இருந்தால் அந்த பிளாக்குக்குப் புது ரிங் போடுவது வீண். சுவர் நன்றாக இருந்தால் லேசாக ஹோனிங் செய்து (சுவரை மெல்லத் தேய்த்துச் சீராக்கி), புது ரிங்கும் ஆயில் துளை திருத்திய பிஸ்டனும் போடலாம்.

4,500 வெள்ளி விலைப்பட்டியலில் எவை இருக்க வேண்டும்: பிஸ்டன், ரிங், மெயின் பேரிங்கும் ராட் பேரிங்கும், முழு கேஸ்கட் செட், வால்வு சீல், டைமிங் செயினுடன் டென்ஷனரும் கைடும், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், முன்பின் ஆயில் சீல், புது ஹெட் போல்ட் 10. ஹெட் போல்ட் இழுபடும் வகை. 49 நியூட்டன் மீட்டர் இறுக்கிப் பிறகு 90 பாகை திருப்ப வேண்டும். இழுபட்டுப்போன பழைய போல்ட்டையே போட்டால் ஹெட் கேஸ்கட் போகலாம். ஹெட்டின் தளம் 0.05 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் சமன்செய்ய வேண்டும். ‘டாப் ஓவர்ஹால்’ மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் விலகுங்கள்: வால்வை மட்டும் புதிதாக்கி ரிங்கை விட்டுவைத்தால் ஆயில் குறைவது நிற்காது.

எஞ்சினையே மாற்றுவது கீழ்ப்பகுதி போனால் மட்டும். ராட் தட்டும் சத்தம், சூடேறி வளைந்த பிளாக், கீறிய சுவர், அல்லது மெக்கானிக்கல் மீட்டரில் 3,000 சுழற்சியில் ஆயில் அழுத்தம் 43 பிஎஸ்ஐக்குக் கீழே. இங்கே ஒரு விஷயம்: ‘ஜப்பான் ஹாஃப்-கட்’, அதாவது ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த வண்டியின் எஞ்சின், என்று விற்றால் நம்பாதீர்கள். ஜப்பானில் விற்ற இதே தலைமுறைக் கொரோலாவில் 1.5, 1.8 எஞ்சின்கள்தான், இந்த 1.6 அங்கே போகவில்லை. கிடைப்பது சிஓஇ முடிந்து உடைத்த நம்மூர் ஆல்டிஸ் எஞ்சின், அல்லது பக்கத்து நாட்டுச் சரக்கு. நம்மூர் வண்டியென்றால் நல்லது, எந்த வண்டி, எவ்வளவு ஓடியது என்ற தாளைக் கேட்கலாம். ஆனால் அதுவும் இதே குடும்பம். இதே நோயின் முந்தைய கட்டத்தில் இருக்கும். மாட்டுவதற்கு முன் பிளக் துளையில் கேமரா விட்டுச் சுவரைப் பாருங்கள், ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கறுத்த கசடு இருந்தால் திருப்பி அனுப்புங்கள். வெளியே கிடக்கும்போதே பின் ஆயில் சீல், வாட்டர் பம்ப், பிசிவி, டென்ஷனர் ஓ-ரிங் மாற்றிவிட வேண்டும்; மாட்டிய பிறகு பின் சீலுக்கு கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டிவரும். அந்த 2,800-இல் இவை சேர்த்தியா என்று கேளுங்கள். உத்தரவாதம் பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

1.8 எஞ்சின் அப்படியே உட்காரும் என்று ஆசைகாட்டுவார்கள். உட்காரும். ஆனால் 1,794 சிசி. சாலைவரி சிசியை வைத்து, ‘ஏ’ பிரிவின் வரம்பு 1,600 சிசி, நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவின் அனுமதி வேறு. மூன்று ஆண்டுக்கு அந்தத் தலைவலி தேவையில்லை.

அதே வகை எஞ்சின் போட்டாலும் எண் மாறும். எஞ்சின் எண் பிளாக்கில் பொறித்தது, எல்டிஏ பதிவிலும் இருக்கிறது. வேலை தொடங்கும் முன்பே எல்டிஏவிடம் என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டு, எஞ்சின் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தி, புது எண்ணைப் பதிவாக்குங்கள். உங்கள் பிளாக்கையே வைத்து ஓவர்ஹால் செய்தால் இந்த வேலையே இல்லை.

ஜோகூரில் கூலி குறைவு என்று அங்கே விடுபவர்கள் பலர். ஓவர்ஹாலுக்குப் பிறகு ஒரு கசிவோ தட்டலோ வந்தால் பாலம் கடந்து மறுபடி போக வேண்டும், வண்டி நகராவிட்டால் இழுத்துச் செல்ல வேண்டும். அந்த மிச்சம் முதல் கோளாறிலேயே கரையும்.

ஓவர்ஹால் செய்துதான் ஆக வேண்டும் என்றானால் பணம் கட்டும் முன் கியர்பாக்ஸ் ஆயிலைப் பாருங்கள். கருகிய வாடை அடித்தால் அடுத்த செலவு அதுதான், அதையும் 36-ஆல் வகுத்துச் சேருங்கள். வண்டி கைக்கு வந்ததும் முதல் 1,000 கிலோமீட்டர் சாதாரண மினரல் ஆயில். இசிபி விரைவுச்சாலையில் ஒரே 90-இல் பிடித்து ஓட்டாமல் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங் சுவரோடு சேர்ந்து அமரும். 500-இல் ஒருமுறை, 1,500-இல் ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். முதல் மாற்றத்தில் ஆயிலில் மினுமினுப்பு கொஞ்சம் இருக்கும். இரண்டாவதிலும் அதே அளவு இருந்தால் உடனே பட்டறைக்கு.