பிசின் ஏன் தீப்பிடித்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

மரப்பிசினை உருக்கிப் பசையாகப் பயன்படுத்துவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கழன்றுபோன ஒரு கத்திப் பிடியை ஒட்டலாம் என்று பைன் மரங்களில் பிசின் எடுத்தேன். பழைய பாத்திரத்தில் போட்டு நேராக அடுப்பில் வைத்தேன். நுரைத்துப் பொங்கி, ஓரத்தில் தீயும் பிடித்துவிட்டது. மூடியைப் போட்டு அணைத்தேன். மிச்சம் கருத்துப்போய், தொட்டாலே உடைகிறது. பட்டைத் துணுக்கும் எறும்பும் அப்படியே உள்ளே கிடக்கின்றன. இதைச் சுத்தம் செய்ய முடியுமா? மரத்தில் வெட்டுப் போட்டு எடுத்தால் சுத்தமாகக் கிடைக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூடியைப் போட்டீர்களே, அதுதான் சரி. பதற்றத்தில் தண்ணீர் ஊற்றியிருந்தால் எரிகிற பிசின் நாலாபக்கமும் தெறித்திருக்கும்.

பச்சைப் பிசின் என்பது டர்பன்டைன் என்ற, எளிதில் ஆவியாகும் எண்ணெயில் கரைந்திருக்கும் ரோசின், அதாவது பிசினின் கெட்டியான பகுதி. அந்த எண்ணெயின் ஆவி பற்றிக்கொள்ளக் கிட்டத்தட்ட 35 டிகிரி சூடே போதும், பக்கத்தில் ஒரு சுடர் இருந்தால். பிசினுக்குள் சிக்கியிருந்த ஈரம் நீராவியானதால் பொங்கியது, பொங்கி வழிந்தது சுடரைத் தொட்டது, அவ்வளவுதான். எண்ணெய் எல்லாம் போய் வெறும் ரோசின் மட்டும் மிஞ்சியதால்தான் இப்போது தொட்டால் உடைகிறது.

வெட்டுப் போட வேண்டாம். பிசின் மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளவும், பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கவும் சுரப்பது. பெரிய அளவில் எடுப்பவர்கள் பட்டையைச் சீவி, ஒழுக்கு நிற்காமல் இருக்க அமிலம்கூடத் தடவுகிறார்கள். ஒரு கத்திப் பிடிக்காக நாம் அதையெல்லாம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கிளை முறிந்த இடங்களிலும் பழைய வெடிப்புகளிலும் கெட்டியாக வழிந்து நிற்பதே போதும். அதிலும் மரத்தோடு ஒட்டியிருக்கும் அடிப்படலத்தைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள்.

விடியற்காலைக் குளிரில் போனால் பிசின் விறைத்திருக்கும், அடியில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு குச்சியால் நெம்பினாலே கட்டியாக விழும். வெயில் ஏறிய பிறகு போனால் இழுபட்டு, பட்டையையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். தெளிவான கட்டிகளை ஒரு டப்பாவிலும் அழுக்கானதை இன்னொன்றிலும் போடுங்கள். என்னைக் கேட்டால் சுத்திகரிப்பில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது, இதில் அவசரப்படுகிறவர்கள்தான் பிறகு அடுப்படியில் மல்லுக்கட்டுகிறார்கள்.

அழுக்கானதை ஒரு பருத்தித் துணியில் போட்டு, கூடவே ஒரு கூழாங்கல்லையும் வைத்து இறுக்கிக் கட்டி, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்துங்கள். திறந்த வெளியில், சுடர் இல்லாத மின்சார அடுப்பில், தண்ணீர் லேசாகச் சலசலக்கும் அளவுக்கு மட்டும் சூடு. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் பிசின் கருகாது. கொஞ்ச நேரத்தில் துணியின் இழைகள் வழியாகக் கசிந்து பெரும்பாலும் மேலே வந்து மிதக்கும், சில சமயம் துணியிலேயே திரளும். கரண்டியால் வழித்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். எறும்பு, பட்டை, ஊசியிலை எல்லாம் மூட்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

இப்படி எடுத்தது பால் கலந்தாற்போல வெளுத்திருக்கும். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், உள்ளே இருப்பது தண்ணீர்தான். ஈரக்கையால் இழுத்து மடித்து, இழுத்து மடித்துப் பிசைந்தால் நுண்ணிய நீர்முத்துகள் பிதுங்கி வெளியே வரும். அப்புறம் ஒரு தகர டப்பாவில் போட்டு, அதே மின்சார அடுப்பில் மிகக் குறைந்த சூட்டில் வையுங்கள், டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாமல். நுரை அடங்கி, தேன் நிறத்தில் தெளிந்ததும் இறக்கிவிடலாம். அந்த டப்பாவைத் திரும்பச் சமையலுக்கு எடுக்க முடியாது, கையில் ஒட்டியது எண்ணெய் தேய்த்துவிட்டு சோப்புப் போட்டால் போய்விடும்.

ஆனால் பசைக்கு இவ்வளவு தெளிவு தேவையா என்றால், இல்லை. எப்படியும் கரித்தூள் கலக்கப்போகிறோம், பட்டைத் தூசி கொஞ்சம் இருந்தால் ஒன்றும் ஆகாது. வார்னிஷுக்குத்தான் தெளிவு வேண்டும். அதற்குப் பொடித்த பிசினைச் சூடே இல்லாமல் ஸ்பிரிட்டில் (ஆல்கஹாலில்) ஊறவைத்து, கசடு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் துணியில் வடிகட்டுங்கள், பக்கத்தில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று: வேப்பம்பிசின், கருவேலம்பிசின் போன்றவை தண்ணீரில் ஊறும், சூட்டில் உருகாது. சந்தேகமிருந்தால் ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உப்பியோ வழவழத்தோ போனால் அது இந்த வேலைக்கு ஆகாது.

உங்கள் கருத்த பிசினைத் தூக்கிப் போட வேண்டாம். மெதுவாக உருக்கி, துணியிலோ கம்பி வலையிலோ வடிகட்டி, தேன்மெழுகைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நன்றாகப் பொடித்த கரித்தூளையும் கலக்குங்கள். ஒரு குச்சியை முக்கி எடுத்துக் குளிர்ந்த நீரில் ஆறவைத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். சில்லாகத் தெறித்தால் இன்னும் மெழுகு வேண்டும். ஆறிய பிறகும் நகம் சுலபமாக உள்ளே இறங்கினால் மெழுகு அதிகம், கொஞ்சம் பிசின் சேருங்கள்.

ஒட்டும்போது பிடிக்குள் போகும் கத்தியின் வால்பகுதியையும் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த இரும்பில் இது பிடிக்காது. பிறகு அந்தக் கத்தியை வெந்நீரில் கழுவ வேண்டாம், பிடி மறுபடியும் கழன்றுவிடும்.