மாமா யானையைத் துரத்தினாரா, யானை மாமாவைத் துரத்தியதா? ஆங்கில இலக்கணம்: உங்கள் கேள்விகள்

வேளாண்மை வெட்டு, இடையில் வந்த மழை, பிள்ளைகளின் தவணைப் பரீட்சை என்று ஒரு மாதமாகப் பதில் எழுத முடியாமல் போய்விட்டது. சேர்ந்து கிடந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். ஆங்கில வசனங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், கண்ணால் வாசித்துவிட்டுப் போகாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை.

சேர், எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையில்தான் இங்கிலீசு வசனம் வரும் என்று பாடமாக்கி வைத்திருக்கிறேன். ஆனால் ஏன் அப்படித்தான் வரவேண்டும்? தமிழில் எப்படி மாற்றினாலும் சரியாகத்தானே இருக்கிறது?
(தரம் 10 மாணவன், கொக்கட்டிச்சோலை)

தம்பி, இந்தக் கேள்வியை நீ கேட்டதற்கே பாதி மார்க்ஸ் போடலாம். "மாமா யானையைத் துரத்தினார்" என்று சொல். "யானையை மாமா துரத்தினார்" என்று சொல். "துரத்தினார் மாமா யானையை" என்றும் சொல்லிப் பார், கொஞ்சம் கூத்துப் பாட்டு மாதிரி இருக்கும், ஆனாலும் துரத்தியது மாமாதான், ஓடியது யானைதான். ஏன்? யானையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஐ' காரணம். அது எங்கே போனாலும் "அடி வாங்குகிற ஆள் நான்தான்" என்று சொல்லிக்கொண்டே போகும்.

ஆங்கிலத்தில் அந்த 'ஐ' இல்லை. "அங்கிள் சேஸ்ட் தி எலிஃபன்ட்" என்றால் மாமா துரத்தினார். அதே சொற்களைத் திருப்பி "தி எலிஃபன்ட் சேஸ்ட் அங்கிள்" என்றால் மாமா மரத்தில் ஏறியிருப்பார். சொற்களில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, நின்ற இடம் மட்டும்தான் மாறியது. (உங்கள் படுவான்கரைப் பக்கம் இரண்டாவதுதான் நடக்கக்கூடியது என்பது வேறு கதை.) தமிழில் விகுதியும் உருபும் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது, அதனால்தான் வரிசையில் இவ்வளவு கண்டிப்பு.

இன்னொன்று. ஆயிரம் வருசத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் நம்மைப் போல வேற்றுமை உருபுகள் இருந்தன. அவை மெல்ல மெல்ல உதிர்ந்துபோக, வரிசை இறுகிவிட்டது. மிச்சம் மீதி சில சொற்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: "ஹீ" அவன், "ஹிம்" அவனை, "தே" அவர்கள், "தெம்" அவர்களை, "ஐ" நான், "மீ" என்னை. "ஹிம் வென்ட்" என்று எழுதினால் "அவனைப் போனான்" என்று எழுதியதற்குச் சமம்.

நேற்று, இன்று போன்ற காலச் சொற்களுக்கு மட்டும் கொஞ்சம் சுதந்திரம் உண்டு, முன்னாலும் வரலாம் கடைசியிலும் வரலாம். வினைக்கும் அது தொடும் பொருளுக்கும் நடுவில் போய் நுழையக் கூடாது, அவ்வளவுதான்.

"டிட் யூ வென்ட்" என்று எழுதினேன், சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டார்கள். போனது முடிந்த காலம்தானே? "வென்ட்" எப்படிப் பிழை?
(ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் மாணவி, களுவாஞ்சிகுடி)

மகள், "நான் போனேன்" என்பதை இல்லை என்று மாற்றிச் சொல்லுங்கள் பார்ப்போம். "நான் போகவில்லை." இப்போது "போனேன்" எங்கே? காணாமல் போய்விட்டது. அவன் போகவில்லை, அவள் போகவில்லை, நாங்கள் போகவில்லை, எல்லாவற்றுக்கும் வெறும் "போக", பின்னால் "இல்லை". "போனேன்வில்லை" என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் சிரிப்பு வரும். "டிட் நொட் வென்ட்" என்பதைக் கேட்கும்போது ஆங்கிலக்காரருக்கும் ஏறக்குறைய அதே சிரிப்புத்தான் வரும்.

காலத்தை "டிட்" தூக்கிக்கொண்டது, அதனால் வினை சுமை இறக்கிவிட்டு வெறும் "கோ" ஆகிவிட்டது. "டிட் யூ கோ?", "ஐ டிட் நொட் கோ". நிகழ்காலத்திலும் இதே கதைதான், "ஹீ கோஸ்" என்பதில் உள்ள அந்த 'ஸ்' சத்தத்தை "டஸ்" எடுத்துக்கொள்ளும், எனவே "டஸ் ஹீ கோ?". "டஸ் ஹீ கோஸ்" என்றால் ஒரு சாமானுக்கு இரண்டு தரம் காசு கொடுத்த மாதிரி.

வசனத்தில் ஏற்கனவே "இஸ்", "கேன்", "வில்" மாதிரி ஒன்று இருந்தால் "டிட்", "டஸ்" என்ற இந்த "டூ" கூட்டத்தைக் கூப்பிடத் தேவையே இல்லை, அதையே முன்னுக்குக் கொண்டுவந்தால் கேள்வி ஆகிவிடும்: "யூ கேன் ஸ்விம்", "கேன் யூ ஸ்விம்?". நம்முடைய கேள்விக் குறி "போனாயா" என்று வாலில் நிற்கிறது, அவர்களுடையது தலையில் நிற்கிறது. ஆனால் கேள்வி இன்னொரு வசனத்துக்குள்ளே அடங்கிப் போனால் இந்தத் தலைகீழ் மாற்றம் வேண்டாம். "டு யூ நோ வேர் இஸ் ஹீ" பிழை, "டு யூ நோ வேர் ஹீ இஸ்" சரி. இதை நான் வகுப்பில் நூறு தரம் சொல்லியிருப்பேன், நாளைக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

பன்மைக்கும் 'ஸ்', ஒருமைக்கும் 'ஸ்'. "போய்ஸ் பிளே", "போய் பிளேஸ்". இது என்ன குழப்பம்?
(பெயர் வேண்டாம், ஏறாவூர்)

இரண்டும் வேறு வேறு 'ஸ்', சத்தம் ஒன்றாய் இருப்பது தற்செயல். பெயரில் இருந்தால் பன்மை. வினையில் இருந்தால் அவன், அவள், அது என்ற ஒற்றை ஆள், அதுவும் சாதாரண நிகழ்காலத்தில் மட்டும். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறார்கள் என்று ஆளுக்கு ஒரு விகுதி வைத்து மூன்று வயதிலேயே பிழையில்லாமல் பேசியவர் நீங்கள், ஆங்கிலத்தில் ஒரேயொரு இடத்தில் ஒரேயொரு 'ஸ்' போடுவதா பெரிய விசயம்?

மகளுக்குத் தரம் 6 பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். "எ", "அன்", "த" மூன்றும் எங்கே வரும், எங்கே வராது என்று எனக்கே பிடிபடவில்லை. தமிழில் இப்படி ஒன்று இல்லைதானே?
(ஒரு தாய், சாய்ந்தமருது)

இருக்கிறது சகோதரி, வேறு வேசத்தில் இருக்கிறது. வாப்பா சந்தைக்குப் போய்விட்டு வருகிறார். "மீன் வாங்கினேன்" என்கிறார். என்ன மீன், எந்த மீன் என்று யாருக்கும் தெரியாது, ஏதோ மீன். அதுவே "மீனை வாங்கினேன்" என்றால்? நீங்கள் காலையில் சொல்லிவிட்ட அந்த மீன், இரண்டு பேருக்கும் தெரிந்த மீன். இந்த 'ஐ' வந்த இடத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் "த" வரும். 'ஐ' இல்லாத இடத்தில், எண்ணக்கூடிய ஒரு பொருளாக இருந்தால் "எ" வரும். "புத்தகம் வாங்கினேன்", "ஐ பாட் எ புக்". "புத்தகத்தை வாங்கினேன்", "ஐ பாட் த புக்". இதை நூற்றுக்கு நூறு நம்ப வேண்டாம், ஆனால் பாடப்புத்தகத்தில் உள்ள பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது தூரம் கொண்டுபோகும்.

கதை சொல்லும்போதும் பாருங்கள், "ஒரு ஊரில் ஒரு ராசா" என்று தொடங்குவோம், அடுத்த வரியில் "ஒரு ராசா" என்று சொல்வதில்லை, "அந்த ராசா" அல்லது வெறும் "ராசா". ஆங்கிலத்தில் முதல் தரம் "எ கிங்", அடுத்த தரத்திலிருந்து "த கிங்".

"எ"யா "அன்"னா என்பதைக் காதுதான் முடிவு செய்யும், எழுத்து அல்ல. சொல் உயிர்ச் சத்தத்தில் தொடங்கினால் "அன்". அதனால் "அன் எம்.பி." சரி, "எ யுனிவர்சிட்டி" சரி. மணித்தியாலத்தைக் குறிக்கும் சொல்லில் முதல் எழுத்து ஊமை, ஆகவே அதற்கும் "அன்".

ஊர்ப் பெயர்களுக்குப் பொதுவாக "த" கிடையாது, "த கல்முனை" என்று எழுதாதீர்கள். ஆற்றுக்கு உண்டு, "த மகாவலி". மகள் படிக்கப் போனால் "ஷீ கோஸ் டு ஸ்கூல்", "த" இல்லை. நீங்கள் அதிபரைச் சந்திக்கப் போனால் "ஐ வென்ட் டு த ஸ்கூல்". அவளுக்கு அது படிப்பு, உங்களுக்கு அது கட்டடம்.

கட்டாரில் வேலைக்கு நேர்முகம், வீடியோவில் கேட்பார்களாம். "ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019, ஐ ஆம் ஹேவிங் குட் எக்ஸ்பீரியன்ஸ்" என்று பாடமாக்கி வைத்திருக்கிறேன். சரியா அண்ணன்?
(ஏ.சி. திருத்துனர், அக்கரைப்பற்று)

விளங்கும், வேலை தருகிறவர் இதற்காக உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார். ஆனாலும் திருத்துவோம்.

நீங்கள் நினைத்த தமிழ் "2019 இல் இருந்து இங்கே வேலை செய்கிறேன்". தமிழில் அது நிகழ்காலம், அதனால் அப்படியே "ஐ ஆம் வேர்க்கிங்" என்று வந்துவிட்டது. ஆங்கிலம் இதை வேறு மாதிரிப் பார்க்கிறது. அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை நீளும் ஒன்றுக்கு "ஹேவ் பீன்" வேண்டும்: "ஐ ஹேவ் பீன் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019". "இத்தனை வருசமாக", "அன்றிலிருந்து" என்று தமிழில் வந்தால் மணி அடிக்க வேண்டும், "ஹேவ்" தேவை என்று. தொடங்கிய புள்ளியைச் சொன்னால் "சின்ஸ்", நீளத்தைச் சொன்னால் "ஃபோர்" (நாலு என்ற எண் அல்ல), அதாவது "ஃபோர் ஃபைவ் இயர்ஸ்", ஐந்து வருசமாக.

ஆனால் முடிந்துபோன வேலையைச் சொல்லும்போது, உதாரணத்துக்கு 2017 இல் ஒரு ஹோட்டலில் வேலை செய்ததைச் சொல்லும்போது, "ஹேவ்" வேண்டாம், "ஐ வேர்க்ட் இன் எ ஹோட்டல் இன் 2017". நாள், வருசம் என்று முடிந்த காலத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவுடன் "ஹேவ்" ஓடிப்போய்விடும்.

அடுத்தது "ஐ ஆம் ஹேவிங்". 'என்னிடம் இருக்கிறது' என்ற பொருளில் "ஐ ஹேவ்" மட்டும்தான், ஏனென்றால் அது செயல் அல்ல, நிலை. "நோ", "லைக்", "வோன்ட்", "அண்டர்ஸ்டாண்ட்" எல்லாம் இந்தக் கூட்டம், வழக்கமாக 'இங்' என்ற வால் முளைக்காது. "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரிதான், அங்கே "ஹேவ்" என்றால் சாப்பிடுவது. கொழும்பில் என் முதல் நேர்முகத்தில் நானும் "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" என்று சொன்னேன், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "ஃபோர் லஞ்ச்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அன்றைக்கு எனக்கு ஏன் என்று விளங்கவில்லை, பஸ்ஸில் திரும்பி வரும்போது பொலன்னறுவை தாண்டித்தான் விளங்கியது.

ஒலுவில் கெம்பஸில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) முதலாம் வருசம். விரிவுரைக் குறிப்பில் நீளமான வசனம் வந்தால் தலை சுற்றுகிறது. எங்கிருந்து பிடிப்பது?

பின்னாலிருந்து பிடியுங்கள். "நேற்று கல்முனையில் நான் வாங்கிய சேர்ட்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் "த சேர்ட் ஐ பாட் இன் கல்முனை எஸ்டர்டே". இரண்டையும் மேலும் கீழும் எழுதிப் பாருங்கள், கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். தமிழில் முதலில் வந்த "நேற்று" அங்கே கடைசி, கடைசியில் வந்த "சேர்ட்" அங்கே முதல். "நான் வாங்கிய" மட்டும் திரும்பாமல் அப்படியே நிற்கும், எழுவாய் வினைக்கு முன்னால் வருவதில் இரண்டு மொழிக்கும் சண்டை இல்லை.

சின்னத் துண்டுகளிலும் இதே கண்ணாடிதான். மேசைக்கு மேல், "ஒன் த டேபிள்". மழைக்குப் பிறகு, "ஆஃப்டர் த ரெயின்". அவன் வந்ததால், "பிகோஸ் ஹீ கேம்". நமக்கு வாலில் ஒட்டுவது அவர்களுக்குத் தலையில் ஏறும். நீண்ட வசனத்தில் "ஹூ", "விச்", "தட்" வந்தால் அங்கே பென்சிலால் ஒரு அடைப்புப் போடுங்கள், அந்த அடைப்பு முன்னால் உள்ள பெயரைப் பற்றிய விளக்கம், தமிழில் அது "வந்த", "சொன்ன", "எழுதப்பட்ட" என்று பெயருக்கு முன்னால் வரும். அடைப்புகளை எல்லாம் தூக்கிவிட்டால் யார், என்ன செய்தார் என்ற எலும்பு மட்டும் மிஞ்சும், அதை முதலில் விளங்கிக்கொண்டு பிறகு சதையைச் சேருங்கள்.

எழுதும்போது "ஓல்தோ" போட்டால் நடுவில் "பட்" போடாதீர்கள். "மழை பெய்தாலும் ஆனால் போனேன்" என்று யாரும் சொல்வதில்லை.

தமிழில் யோசித்தால் ஆங்கிலம் வராது, ஆங்கிலத்திலேயே யோசி என்கிறார்கள். தமிழ் மூலம் படித்த எங்களுக்கு அது எப்படி முடியும்?
(பயிற்சி ஆசிரியை, செங்கலடி)

பழகிய பிறகு அது தானாக நடக்கும், தொடக்கத்திலேயே கட்டளை போட்டு வராது. மேலே எழுதியதில் பாதிக்கு மேல் தமிழை வைத்துத்தான் விளக்கினேன், விளங்கியதா இல்லையா? நம்மட பக்கத்துக்கு ஆங்கிலம் நேற்று வந்ததும் இல்லை, 1814 இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் மட்டக்களப்பில் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றைக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நடக்கிறது. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, அவரே தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார். ஒரு மொழி மற்றதை அவருக்கு மறைக்கவில்லை.

12 டென்ஸையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?
(பலர்)

வேண்டாம். ஐந்தாறு போதும் இப்போதைக்கு. "வில் ஹேவ் பீன்" எல்லாம் தேவைப்படும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி, எனக்கு 61 வயது. பேரன் கனடாவில், தமிழ் விளங்கும், பேச மாட்டான். வீடியோவில் "யூ ஈட்?" என்று கேட்கிறேன், மகள் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். எனக்கு இலக்கணம் வருமா?
(ஆரையம்பதி)

அம்மா, "யூ ஈட்?" பேரனுக்கு விளங்குகிறதுதானே, மகளைச் சிரிக்க விடுங்கள். அதற்கு முன்னால் ஒரு "டிட்" மட்டும் ஒட்டுங்கள், "டிட் யூ ஈட்?". ஒட்டிவிட்டால் "டிட் யூ ஸ்லீப்?", "டிட் யூ பிளே?", "டிட் யூ கோ டு ஸ்கூல்?" எல்லாம் உங்கள் கையில். வினையை எதுவும் மாற்ற வேண்டாம், களுவாஞ்சிகுடிப் பிள்ளைக்கு எழுதியதைப் பாருங்கள், நீங்கள் ஓ.எல். பிள்ளை விட்ட பிழையையே விடமாட்டீர்கள்.

அவன் ஏதாவது சொல்லி நிறுத்தினால் "மறுகா?" என்று கேளுங்கள், வழக்கமாக நம்மட ஊரில் கேட்கிற மாதிரி. "வாட் இஸ் மறுகா?" என்று திருப்பிக் கேட்பான். "தென்" என்று சொல்லிக் கொடுங்கள்.