பழைய லேப் ஸ்டீல் கிட்டார்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: தாத்தா சபைப் பாடகர் குழுவில் வாசித்த அமெரிக்க லேப் ஸ்டீல் கிட்டார் (மடியில் கிடத்தி, இரும்புப் பாரைத் தந்திமேல் நகர்த்தி வாசிப்பது), 1950-களைச் சேர்ந்தது. வால்யூமைத் திருகினால் கரகரக்கிறது. சத்தம் விட்டுவிட்டு வருகிறது. நாகர்கோவிலில் வாங்கிய 500கே (500 கிலோ ஓம்) வால்யூம் கண்ட்ரோல் ஓட்டையில் ஆடுகிறது, பழைய குமிழும் அதில் நிற்கவில்லை. சரியான பாகம் எங்கே கிடைக்கும்? (வாசகர், தக்கலை)

பதில்: கடைக்குப் போகுமுன் மல்டிமீட்டரை எடுங்கள். கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே ஓம் பாருங்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பு, பெரும்பாலான பழைய கிட்டார்களில் 5 முதல் 10 கிலோ ஓம் வரை காட்டும். அப்படியென்றால் அதிலுள்ள காயில் (கம்பிச்சுருள்) நன்றாக இருக்கிறது. 250 அல்லது 500 கிலோ ஓம் காட்டினால் காயில் அறுந்துவிட்டது, மீட்டர் கண்ட்ரோலின் கார்பன் தடத்தை மட்டும் அளக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் ஜாக்கிலோ (கேபிள் செருகும் துளை) கேபிளிலோ துண்டிப்பு. பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட்.

காயில் சரியாக இருந்தால், கரகரப்பு பெரும்பாலும் அழுக்குதான். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்த நம் மாவட்டத்தில் முதலில் கெடுவது ஜாக். அதைக் கழற்றி, பிளக்கின் நுனியைக் கவ்வும் வளைந்த தகட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். கருத்தோ பச்சை பூத்தோ இருந்தால் 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, தகட்டைச் சற்று உள்ளே வளைத்துவிடுங்கள். சத்தம் விட்டுவிட்டு வருவது பல கிட்டார்களில் இதோடு நின்றுவிடும். கண்ட்ரோலின் முனைகளுக்கு மேலுள்ள இடைவெளியில் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை இரண்டு முறை அடித்து, குமிழை முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், துருவை இளக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்துக்கொள்ளும், கரகரப்பு திரும்பி வரும்.

தடமே தேய்ந்திருந்தால்தான் புதியது. நீங்கள் வாங்கியது பொருந்தாததற்கு அளவுதான் காரணம். அமெரிக்க கண்ட்ரோலின் மரையிட்ட கழுத்து 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ.; தண்டு 6.35 மி.மீ. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதன் கழுத்து 7 மி.மீ., தண்டு 6 மி.மீ. கேட்கும்போது “500கே, லாக், 3/8 கழுத்து, 1/4 அங்குலத் தண்டு” என்று முழுதாகக் கேளுங்கள் (லாக் என்பது தடை முதலில் மெல்லவும் பிறகு வேகமாகவும் ஏறும் வகை). சென்னை ரிச்சி தெருவிலோ, கிட்டார் பாகங்களை ஆன்லைனில் விற்பவர்களிடமோ தேடலாம். வாங்குமுன் குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், 24 மி.மீ. உடல் கொண்ட கண்ட்ரோல் எல்லா லேப் ஸ்டீலிலும் அடங்காது.

அவசரத்துக்கு உள்ளூர்ப் பாகமே போதும். இருபுறமும் அகல வாஷர் வைத்து இறுக்கினால் ஆடாது. பழைய குமிழ் பக்கத்திருகு வைத்ததென்றால், தண்டில் மெல்லிய பித்தளைத் தகட்டை ஒரு சுற்றுச் சுற்றி மாட்டுங்கள். ஓட்டையைப் பெரிதாக்கவோ குமிழைத் துளைக்கவோ கூடாது. ‘பி500கே’ என்றிருந்தால் லீனியர், அதாவது தடை ஒரே சீராக ஏறும் வகை. உங்களுக்கு வேண்டியது ‘ஏ500கே’, அதுதான் லாக். சுண்டுவிரலால் வால்யூமை மெல்ல ஏற்றி ஸ்வரத்தை மலரச் செய்வதுதானே இந்தக் கருவியின் அழகு! லீனியரில் அது சட்டென்று ஏறிவிடும். எழுத்தை மட்டும் நம்பாமல், தண்டைப் பாதியில் நிறுத்தி ஓரமுனைக்கும் நடுமுனைக்கும் அளந்து பாருங்கள்: 250 கிலோ ஓம் வந்தால் லீனியர், ஒரு பக்கம் 50 முதல் 100-க்குள் வந்தால் லாக்.

டோன் குமிழோடு சேர்ந்த கன்டென்சர் 0.05 மைக்ரோ ஃபாரட் என்றால் இன்றைய 0.047, மேலே 473 என்றிருக்கும்; 100 வோல்ட் பாலியஸ்டர் போதும். டோன் குமிழ் வேலை செய்கிறதென்றால் பழையதைத் தொடவே வேண்டாம். கழற்றிய கண்ட்ரோலையும் எறியாதீர்கள். அதன் முதுகிலுள்ள எண் 137 என்று தொடங்கினால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல் தயாரிப்பு. கடைசி இரண்டு இலக்கம் வாரம், அதற்கு முன்னுள்ளது ஆண்டு. கிட்டாரின் வயதுக்கு அது ஒரு சாட்சி.

கேள்வி: என் ஹவாயன் கிட்டாரில் காயில் அறுந்துவிட்டது. மோட்டார் வைண்டிங் கடையில் 42 கேஜ் கம்பி தந்தார்கள். சுற்றலாமா? (வாசகி, குளச்சல்)

பதில்: அந்தக் கம்பியில் சுற்றாதீர்கள். பிக்கப்புக்குச் சொல்லப்படும் 42, அமெரிக்க கேஜ், தடிமன் 0.063 மி.மீ. நம் கடைகளில் சொல்வது எஸ்டபிள்யூஜி என்ற பிரிட்டிஷ் கேஜ். அதில் 42 என்பது 0.10 மி.மீ. அதைச் சுற்றினால் பாதிச் சுற்றுக்கு முன்பே பாபின் (கம்பி சுற்றும் கட்டை) நிரம்பிவிடும், சத்தமும் குறைந்துவிடும். எஸ்டபிள்யூஜி 46 எனாமல் கம்பி கேளுங்கள். எட்டாயிரம் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம் பிடிக்கும். ஆனால் எடையில் அது 30 கிராம் சொச்சம்தான், எனவே 100 கிராம் தாராளம். மோட்டார் சுற்றும் இழுவையில் இது பட்டென்று அறும்.

அதற்கு முன் ஒன்று. காயில் அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, தலைமயிர் போன்ற கம்பி தடித்த வயரோடு சேரும் ஈயப்பற்றில். மேல்நாடாவை மெதுவாகப் பிரித்து, பூதக்கண்ணாடியால் அந்த இடத்தைப் பாருங்கள். பச்சைப் புள்ளி தெரிந்தால் வெளிச்சுற்று ஒன்றிரண்டை அவிழ்த்து, எனாமலைச் சுரண்டி, மறுபடி ஈயம் வையுங்கள். அசல் காயிலே மிஞ்சும்.

கேள்வி: கிட்டாரோடு இரண்டு முள் பிளக் உள்ள பழைய வால்வ் ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) வந்தது. நேராகச் செருகலாமா? (வாசகர், கருங்கல்)

பதில்: கூடவே கூடாது. அமெரிக்க ஆம்ப் 110–120 வோல்ட்டுக்கானது. நம் 230-ல் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது. உங்கள் கையில் இருப்பது இரும்புப் பார், அது தொடுவது எர்த்தோடு சேர்ந்த தந்தி. ஆம்பின் சேசிஸில் (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) மின்சாரம் கசிந்தால் நேராக உங்கள் கைக்கு வரும். மூன்று முள் வயர் போட்டு சேசிஸை எர்த் செய்ய வேண்டும். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் கன்டென்சரை எடுத்துவிட வேண்டும். ஃபில்டர் கன்டென்சர்களைப் புதிதாக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வால்வ் செட்டில் பழகிய மெக்கானிக்கைத் தவிர வேறு யாரும் பின்மூடியைத் திறக்க வேண்டாம்.