ஊர் ஊராகக் கொண்டுபோகும் பி.எம்.எக்ஸ். சைக்கிள் சாகசக் காட்சிக்கு ரேம்ப் (சாய்மேடை) எப்படிப் போடுவது?

பினாங்கில் புல்திடல், கோலாலம்பூரில் கார் நிறுத்துமிடம் என்று மாறி மாறிப் போட ரேம்ப் கேட்கிறீர்கள். அளவுகள் கீழே. ஆனால் ரைடரை விழவைப்பது பெரும்பாலும் ரேம்ப் இல்லை, அதற்கு முன்னால் கிடக்கும் தரைதான்.

கிக்கர், அதாவது ரைடரை மேலே எழுப்பும் வளைந்த ரேம்ப், 4 அடி உயரம், வளைவின் ஆரம் 10 அடி. அப்படிச் செய்தால் அடிநீளம் சரியாக 8 அடி, மேல்விளிம்பில் சரிவு 53 பாகை. 8 அடி அகலத்தை நாலு நாலு அடியாக இரண்டு பெட்டியாக்கினால் லோரியில் ஏற்ற வசதி. ஒவ்வொரு பெட்டிக்கும் 18 மி.மீ. பிளைவுட்டில் மூன்று வளைவுச் சட்டம், 8 அங்குலத்துக்கு ஒரு குறுக்குக் கட்டை, மேலே 9 மி.மீ. பலகை இரண்டடுக்கு. வளைவு 9 அடி 3 அங்குலம், பலகையோ 8 அடிதான். ஒட்டு விழாமல் தீராது. அதைக் கட்டையின் மேலேயே விழச் செய்யுங்கள், இரண்டடுக்கின் ஒட்டும் ஒரே இடத்தில் வேண்டாம். கிக்கருக்குள் நுழையும்போது ஆளும் சைக்கிளும் மூன்று மடங்கு எடையாக அழுத்தும்.

இனி வேகம். கிக்கரை அடுத்துள்ள 10 அடித் தட்டை மேடையான டெக்கைத் தாண்டி, அப்பால் உள்ள இறங்குசரிவான லேண்டிங்கில் இறங்க, கிக்கரின் அடியில் மணிக்கு 28 கி.மீ. வேண்டும். ரைடர் உருண்டிறங்கித் தொடங்கும் 8 அடி உயரச் சரிவான ரோல்-இன், உராய்வே இல்லாவிட்டாலும் 25தான் தரும். மிச்சத்தை மிதித்துத்தான் சேர்க்க வேண்டும், அதற்குக் குறைந்தது 35 அடி சமதரை விடுங்கள். பினாங்கின் பாடாங் கோத்தா லாமா மாதிரியான திடலில் மழை பெய்தபின் புல் அந்த வேகத்தை உறிஞ்சிவிடும். பின்சக்கரம் டெக்கின் கடைசி விளிம்பில் இடிப்பது இதனால்தான். ஓடுபாதை முழுக்கப் பலகை விரியுங்கள்.

கார் நிறுத்துமிடம் சமமாகத் தெரியும், ஆனால் தண்ணீர் வடியச் சரிவு வைத்திருப்பார்கள். குறுக்கே ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கம் பிளைவுட் துண்டு செருகுங்கள். கல்லோ செங்கலோ வேண்டாம், குலுக்கலில் நழுவும். வழவழப்பான தரையென்றால் அடியில் ரப்பர் விரிப்பு. ரோல்-இன் நடுவிலிருந்து லேண்டிங் நடுவுக்கு நூல் பிடித்து நேராக்கிய பிறகுதான் கிக்கர், டெக், லேண்டிங் மூன்றையும் போல்ட்டால் முடுக்க வேண்டும்.

பிற்பகல் மழைக்குத் தார்ப்பாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பலகையின் வெட்டுமுனைகளுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடியுங்கள். தண்ணீர் ஏறினால் அடுக்கு பிரிவது அங்கிருந்துதான். நனைந்த பலகையில் யாரையும் ஏற்றாதீர்கள், கூட்டம் எவ்வளவு காத்திருந்தாலும் சரி. முதல் சில தாவலுக்குப் பிறகு போல்ட் எல்லாம் தளர்ந்திருக்கும். நிறுத்தி மறுபடி முடுக்குங்கள்.