+1 என்றால் அமெரிக்கா மட்டுமா? ஐஎஸ்டி எண் சந்தேகங்களுக்குப் பதில்கள்

முத்தியால்பேட்டை: +1 413 என்று தொடங்கும் எண்ணிலிருந்து மிஸ்டு கால். 413 நம்ம புதுச்சேரிதானே?

இல்லை சார். நம்முடையது +91 413. முன்னால் +1 இருந்தால் அது மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதி.

மஞ்சக்குப்பம், கடலூர்: மகள் டொரண்டோவில், தம்பி டல்லாஸில். இரண்டு எண்ணிலும் +1. நாடு எப்படித் தெரியும்?

அடுத்த மூன்று இலக்கத்தைப் பாருங்கம்மா. 1947-ல் அமெரிக்காவையும் கனடாவையும் சேர்த்தே 86 பகுதிகளாகப் பிரித்துக் குறியீடு கொடுத்தார்கள். 416 டொரண்டோ, 214 டல்லாஸ். அதன்பின் ஏழு இலக்கம். ஆக மொத்தம் பத்து. இந்தப் பத்தில் முதலாவதும் நான்காவதும் 0, 1 ஆக இருக்கவே முடியாது. இருந்தால் எண்ணைத் தப்பாகக் குறித்திருக்கிறீர்கள். செல்லில் +1, லேண்ட்லைனில் 001 போட்டுப் பத்தையும் அடியுங்கள். எஸ்டிடி பழக்கத்தில் வெறும் 0416 அடித்தால் வேலூர்தான் கிடைக்கும்! அமெரிக்கா, கனடாவில் செல்லுக்குத் தனி வரிசை கிடையாது. குறியீடு, எண்ணை வாங்கிய ஊரைத்தான் சொல்லும். ஆள் இப்போது வேறு ஊரில் இருக்கலாம்.

லாஸ்பேட்டை: அமெரிக்கா பேக் போட்டும் +1 876-க்குப் பேசியதில் காசு போய்விட்டது. ஏன்?

அது ஜமைக்கா. கரீபியன் தீவுகள் பலவும் +1-க்குள்தான்: டிரினிடாட் 868, பார்படோஸ் 246, பஹாமாஸ் 242. எண் அமைப்பு பொது, கட்டணம் பொது இல்லை. ஒரே மணியில் நின்றுபோகும் மோசடி அழைப்புகளுக்கு இது வசதி. பார்த்தால் அமெரிக்க எண் போலவே இருக்கும். தெரியாத குறியீடு என்றால் திருப்பி அழைக்காதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் கியூபா 53, ஹைட்டி 509. அவை இந்தக் கூட்டில் இல்லை.

நெல்லித்தோப்பு: பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் இருக்கும் பெரியம்மா கொடுத்த எண் 0262-ல் தொடங்குகிறது. +262 போட்டு மீதி ஆறு இலக்கத்தை அடித்தால் போகவில்லை.

262-ஐ இரண்டு தடவை அடிக்க வேண்டும். முதலாவது நாட்டுக் குறியீடு, இரண்டாவது எண்ணின் பகுதி. முன்னால் உள்ள 0-வை மட்டும் விட்டுவிடுங்கள்: +262 262, பிறகு அந்த ஆறு. செல் 0692 என்றால் +262 692. மயோட் தீவுக்கும் இதே +262-தான். அங்கே லேண்ட்லைன் 269, செல் 639. பிரான்ஸ் என்று நினைத்து +33 போடாதீர்கள். பாரிஸில் இருப்பவர்களோ 0262 என்றே அடிக்கலாம். அங்கே இரண்டு தீவுக்கு ஒரே குறியீடு. நம்ம கதை நேரெதிர்: ஒரே புதுச்சேரிக்குள் காரைக்கால் 04368, மாஹே 0490.

திருப்பாதிரிப்புலியூர்: அமெரிக்காவில் இலவசமாக அழைக்கும் 1-800 எண் இங்கிருந்தும் இலவசமா?

இல்லை. ஒன்று இணைப்பே கிடைக்காது, கிடைத்தால் ஐஎஸ்டி கட்டணம். 888, 877, 866 எல்லாம் அதே வகைதான். அந்த நிறுவனத்தின் சாதாரண பத்து இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.