அக்கி, அம்மை மாத்திரைகள்: எதை வாங்குவது, எப்போது வாங்குவது?

வெயில் ஏற ஆரம்பித்தால் போதும், அம்மை பற்றியும் அக்கி பற்றியும் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே மருந்துக் குடும்பத்தைப் பற்றியவை: அசைக்ளோவிர், வலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர். சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, பல வருடம் மருந்துக் கடை கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன். யாருக்கு எந்த அளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வாங்குகிற விஷயத்தை மட்டும் நான் பேசுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. இடுப்பில் ஒரு பக்கமாக அக்கி வந்திருக்கிறது. வலாசைக்ளோவிர் 1 கிராம், தினம் மூன்று வேளை, ஏழு நாளைக்கு எழுதியிருக்கிறார்கள். கடையில் சொன்ன தொகையைக் கேட்டுத் தலை சுற்றியது. விலை குறைவாக அசைக்ளோவிர் என்று ஒன்று உண்டாமே, அதையே வாங்கிக் கொடுத்தால் என்ன? (ஈரோடு வாசகர்)

கொடுக்கலாம், மருத்துவர் மாற்றி எழுதிக் கொடுத்தால். இரண்டும் கடைசியில் ஒரே மருந்துதான். வலாசைக்ளோவிர் உடம்புக்குள் போய் அசைக்ளோவிராக மாறுகிறது. வித்தியாசம் எங்கே என்றால், அசைக்ளோவிரை அப்படியே விழுங்கினால் 10 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். வலாசைக்ளோவிராக விழுங்கினால் பாதிக்குச் சற்று மேல் சேரும். அதனால்தான் வலாசைக்ளோவிருக்கு மூன்று வேளை, அசைக்ளோவிருக்கு ஐந்து வேளை.

அந்த ஐந்து வேளையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. ஏழு நாள். அக்கி வலியில் சரியாகத் தூங்காத 68 வயது மனிதர், இதை ஒரு வேளைகூடத் தவறாமல் செய்வாரா? வீட்டில் நேரம் பார்த்து எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தால் அசைக்ளோவிர் நல்ல சிக்கனம். அப்பா தனியாக இருக்கிறார், நீங்கள் போனில் மட்டும் விசாரிக்கிறீர்கள் என்றால், கூடுதல் பணம் கொடுத்து மூன்று வேளை மாத்திரையை வாங்குவதுதான் என் யோசனை.

விலையை ஒப்பிடும்போது அட்டைக்கு அட்டை ஒப்பிடாதீர்கள். ஓர் அட்டையில் மூன்று மாத்திரை இருக்கும், இன்னொன்றில் ஐந்து, வேறொன்றில் பத்து. முழு கோர்ஸுக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள். வலாசைக்ளோவிர் 1 கிராம் என்றால் 21 மாத்திரை. அக்கிக்கு வழக்கமாக எழுதுகிற அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் என்றால் 35. இதில் ஒரு பொறி இருக்கிறது. அசைக்ளோவிர் 200, 400, 800 என்று மூன்று அளவில் வருகிறது. ஒருவர் வேறு கடையில் 200 மில்லிகிராம் 35 மாத்திரை வாங்கி, ஐந்து வேளையும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, "மருந்து கேட்கவே இல்லை" என்று என்னிடம் வந்து சத்தம் போட்டார். அவர் விழுங்கியது கால்வாசி மருந்து! 200-ல் முழு கோர்ஸ் போட 140 மாத்திரை வேண்டும்.

கடைக்காரரே கம்பெனியை மாற்றித் தர முடியாதா என்று கேட்பீர்கள். சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளில் எழுதியதற்குப் பதில் வேறொன்றைத் தர 1945-ம் ஆண்டு மருந்து விதிகள் இடம் கொடுப்பதில்லை. அதனால் மருத்துவரிடமே, "கம்பெனி பெயர் வேண்டாம், மருந்தின் பெயரை எழுதுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. அசைக்ளோவிரின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இதை உருவாக்கிய குழுவில் இருந்த கெர்ட்ரூட் எலியன் 1988-ல் நோபல் பரிசு வாங்கினார். அவ்வளவு பழைய சரக்கு. அசிவிர், ஹெர்பெக்ஸ், சோவிராக்ஸ் என்று பெயர்தான் பல, உள்ளே இருப்பது ஒன்றுதான். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அசைக்ளோவிர் இருப்பதால் அரசு உச்ச விலையும் வைத்திருக்கிறது. 'பார்மா சஹி தாம்' என்ற அரசு செயலியில் பார்த்துக்கொள்ளலாம். அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால், பில்லோடு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஆகியவற்றிலும் விசாரிக்கலாம். ஆனால் போன் போட்டு இருப்பு கேட்டுவிட்டுப் போங்கள். காரணம், இந்த மருந்துக்கு நேரம் முக்கியம். தடிப்பு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை உள்ளே போக வேண்டும். நாலு கடை ஏறி இறங்கி இருநூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்குள் ஒரு நாள் போய்விட்டால் அது நஷ்டக் கணக்கு. நான் என் வீட்டுக்குச் செய்தது இதுதான்: தெருமுனைக் கடையில் இரண்டு நாளைக்கு மட்டும் வாங்கி உடனே ஆரம்பித்துவிட்டு, மீதியை விலை குறைந்த இடத்தில் வாங்கினேன். வெட்டித் தரும் அட்டையில் காலாவதித் தேதி உள்ள துண்டு உங்கள் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பில்லில் பேட்ச் எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, விலையைவிட முக்கியம். அப்பாவுக்குச் சிறுநீரகத்தில் ஏதாவது குறை உண்டா? இருந்தால் மாத்திரை எழுதும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. அளவைக் குறைக்காமல் கொடுத்தால் ரத்தத்தில் தேங்கி, பெரியவர்கள் ஆள் அடையாளம் தெரியாமல் உளற ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் "வலி மண்டைக்கு ஏறிவிட்டது" என்று நினைத்துக்கொள்வார்கள். மற்றபடி தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், மருத்துவர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர.

கேள்வி: என் கணவரின் சீட்டில் "ஹெர்பிஸ் ஜோஸ்டர்" என்று எழுதியிருக்கிறது. கடையில் மாத்திரை வாங்கும்போது பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரி பார்த்தார். இணையத்தில் தேடினால் தகாத உறவால் வரும் நோய் என்று வருகிறது. நான் யாரிடம் கேட்பது? (பெயர், ஊர் வேண்டாம்)

என்னிடம் கேட்டது நல்லது. வீட்டில் சண்டை ஏதும் ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிடுங்கள். ஹெர்பிஸ் என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. ஹெர்பிஸ் ஜோஸ்டர் என்றால் நம் ஊர் அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி ஆறிய பிறகும் நரம்பின் வேரில் ஒளிந்திருந்து, பல வருடம் கழித்து எட்டிப் பார்க்கிறது. அதற்கும் அவர் நடத்தைக்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் தேடிப் படித்தது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், வேறு கிருமி. இரண்டுக்கும் மாத்திரை ஒன்றாக இருப்பதால்தான் இந்தக் குழப்பம். அளவைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: அக்கிக்கு எழுதும் அளவு பெரியது.

கேள்வி: மூத்தவனுக்கு அம்மை போட்டிருக்கிறது, வயது 7. அம்மைக்கு மாத்திரையே கொடுக்கக் கூடாது, ஆத்தா கோபிப்பாள் என்கிறார் மாமியார். கடைக்காரர் உடனே ஆரம்பியுங்கள் என்கிறார். எனக்கு வயது 34, சின்ன வயதில் அம்மை வந்ததில்லை. (திருநெல்வேலி வாசகி)

பையன் விஷயத்தில் மாமியார் சொன்னது பாதி சரி, காரணம்தான் வேறு. 12 வயதுக்குள் நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை தானாகவே ஆறிவிடும், அசைக்ளோவிர் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. கொடுத்தாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன். அந்தப் பலனும் காய்ச்சல் ஒரு நாள் போலக் குறையும், கொப்புளம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பிள்ளைக்கு ஆஸ்துமா, தோல் நோய், ஸ்டீராய்டு மருந்து என்று ஏதாவது இருந்தால் கதை வேறு, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் கவலை உங்களைப் பற்றித்தான். பெரியவர்களுக்கு அம்மை வந்தால் நுரையீரல் வரை போய்ப் படுத்தும். பையனிடமிருந்து தொற்றியிருந்தால் 10 முதல் 21 நாளுக்குள் தெரியும். முதல் கொப்புளத்தைப் பார்த்த அன்றே மருத்துவரிடம் போங்கள், மாத்திரையும் அன்றே ஆரம்பிக்க வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு போகலாம் என்று இருந்துவிடாதீர்கள், அதற்குள் மருந்தின் நேரம் முடிந்திருக்கும். ஒருவேளை கர்ப்பமாக இருந்தால் கொப்புளத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு மருத்துவருக்குப் போன் போடுங்கள்.

வேப்பிலை கட்டுங்கள், இளநீர் கொடுங்கள், தாளிக்காமல் சமையுங்கள். இவை எதுவும் மாத்திரையோடு சண்டைக்கு வராது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது, ரேய் என்ற கடுமையான ஈரல், மூளைப் பாதிப்பு வரலாம். ஐபுபுரூஃபனையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். கடையில் "காய்ச்சல் மாத்திரை" என்று பொதுவாகக் கேட்காமல், அம்மை என்று சொல்லி வாங்குங்கள். பையனைக் கடைக்கு அழைத்துப் போகாதீர்கள். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும் வரை தொற்றும், மருந்துக் கடை வரிசையில் யார் நிற்பார்கள் என்று தெரியாது.

கேள்வி: உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருகிறது. அசைக்ளோவிர் களிம்பு போதுமா, மாத்திரை வேண்டுமா?

களிம்பு கொஞ்சம் உதவும், அதுவும் ஊறல் எடுக்கும்போதே தடவ ஆரம்பித்தால். மாத்திரை அதைவிடச் சுறுசுறுப்பு, அதற்குச் சீட்டு வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை என்றால் எதுவும் வாங்காமல் விட்டாலும் ஆறிவிடும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தவறியும் தடவாதீர்கள். அக்கிக்கு அசைக்ளோவிர் களிம்பு வாங்குவது மட்டும் சுத்த வீண் செலவு.

கேள்வி: பிறப்புறுப்பில் ஹெர்பிஸ், வருடத்துக்கு ஏழெட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் கடையில் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. "வேரோடு அழிக்கிறோம்" என்று ஒரு விளம்பரம் பார்த்தேன், மூன்று மாத மருந்தாம். வாங்கலாமா?

வேண்டாம். நரம்பில் குடியிருக்கும் கிருமியை வேரோடு எடுக்கும் மருந்து எந்த மருத்துவத்திலும் இன்னும் வரவில்லை. பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தத் துணிச்சல்காரரிடமா பணத்தைக் கொடுப்பீர்கள்?

இரண்டு நேர்வழிகள் உண்டு. ஒன்று, ஒரு கோர்ஸ் மாத்திரையை முன்கூட்டியே எழுதி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது. எரிச்சல் தொடங்கிய அன்றே போட்டுவிடலாம், கடைக்கு ஓட வேண்டாம். இன்னொன்று, ஏழெட்டு தடவை வருகிறவர்களுக்கு மருத்துவர்கள் சொல்வது: தினம் ஒரு சிறு அளவு, மாதக்கணக்கில். அது வருவதையும் நன்றாகக் குறைக்கும், துணைக்குத் தொற்றுவதையும் குறைக்கும், ஆனால் முழுக்கத் தடுக்காது; ஆணுறை வேண்டும். மாதம் ஒரு பில் ஆகும் என்பதால் இங்கே ஜெனரிக் (மருந்தின் பெயரிலேயே விற்கும் மலிவு மாத்திரை) வாங்குவதில் நிஜமான மிச்சம் உண்டு. கூச்சத்துக்கு: சீட்டை நீட்டினால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை. சீட்டைப் பதிவேற்றச் சொல்லும் ஆன்லைன் கடையிலும் வாங்கலாம். சீட்டே கேட்காத கடை என்றால் அங்கே வாங்காதீர்கள்.

கேள்வி: தடுப்பூசி போட்டால் அக்கியே வராதாமே?

50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஷிங்ரிக்ஸ் என்ற ஊசி இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. ஆய்வுகளில் 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு தந்திருக்கிறது. விலைதான் கை கடிக்கும். இரண்டு தவணைக்கும் பணம் இருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நெஞ்சுப் பக்கம் அக்கி. ஊரில் வேளாரிடம் காவி குழைத்து மூன்று நாள் எழுதினோம். இன்றோடு ஒன்பது நாள், கொப்புளம் காய்ந்துவிட்டது, வலி மட்டும் உயிர் போகிறது. இப்போதாவது அந்த விலை உயர்ந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்கலாமா? (மானாமதுரை வாசகர்)

வாங்காதீர்கள். என் பாட்டிக்கும் அக்கி எழுதித்தான் பார்த்தார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மூன்று நாள்தான் மாத்திரையின் நாள். காய்ந்த கொப்புளத்துக்கு இப்போது கொடுத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்த வலியை முன்கூட்டியே தடுக்கும் என்றுகூட இந்த மாத்திரையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. பணத்தை நரம்பு வலிக்கான மருந்தில் போடுங்கள். பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை, எல்லாமே மலிவாக ஜெனரிக்கில் கிடைப்பவை. இவையும் சீட்டு மருந்துதான். வயதானவர்களுக்கு மயக்கம் வந்து விழ வைக்கும் என்பதால் சின்ன அளவில்தான் தொடங்குவார்கள், இரவில் பாத்ரூம் போகும்போது யாராவது கூடப் போங்கள்.

ஒன்பது நாள் ஆனாலும் மாத்திரை வேண்டும் என்று மருத்துவர் சொல்லும் இடங்கள் உண்டு: புதுக் கொப்புளம் இன்னும் கிளம்பிக்கொண்டிருந்தால், புற்றுநோய்ச் சிகிச்சை, மாற்றுச் சிறுநீரகம் என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தால், நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்திருந்தால். மூக்கு நுனியில் வந்தால் கண்ணுக்கும் போயிருக்கலாம், அதற்கு மருந்துக் கடைக்கே வர வேண்டாம், நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.