நீங்கள் தேடும் ரயில் படம்

வணக்கம் நண்பரே. சின்ன வயதில் டிவியில் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம், ஓவியங்கள் ஏற்றிய ரயில், ஜெர்மானியரை ஏமாற்ற ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளையே மாற்றுகிறார்கள், தேடினால் ஜார்ஜ் க்ளூனி படம்தான் வருகிறது என்றீர்கள். நீங்கள் சொல்வது 1964இல் வந்த 'தி டிரெயின்'. இயக்கியவர் ஜான் ஃபிராங்கன்ஹைமர், நாயகன் பர்ட் லங்காஸ்டர். கிழட்டு எஞ்சின் டிரைவர் ஒருவர் எண்ணெய்க் குழாயில் பிராங்க் நாணயத்தைச் செருகி எஞ்சினைப் படுக்க வைப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? ரயில்கள் மோதும் காட்சியில் பொம்மை வண்டி கிடையாது, நிஜ எஞ்சின்களையே மோதவிட்டார்கள்.

உண்மைக் கதையா என்றால், பாதி. பாரிஸின் ழு டு போம் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த ரோஸ் வலாந்த், நாஜிகள் அள்ளிக்கொண்டு போனதையெல்லாம் ரகசியமாகக் குறித்து வைத்தார். 1944 ஆகஸ்டில் 148 பெட்டிகளில் அடைத்த கலைப்பொருள்களோடு கிளம்பவிருந்த ரயிலைப் பற்றித் துப்புக் கொடுத்தவரும் அவரே. ஆனால் நிஜ ரயில் பாரிஸ் சுற்றுவட்டாரத்தையே தாண்டவில்லை. பாரிஸின் புறநகரான ஓல்னேயில் முடங்கிக் கிடந்ததைப் பிரெஞ்சுப் படை பிடித்தது. பிடித்த அதிகாரி அலெக்ஸாந்தர் ரோசன்பெர்க், உள்ளே தன் அப்பாவிடமிருந்து பறிபோன ஓவியங்களைக் கண்டார். இதைப் படத்தில் வைத்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்!

அப்புறம் ஒன்று, கலர் பிரிண்ட் தேடாதீர்கள். எடுத்ததே கறுப்பு வெள்ளையில்தான்.